அஞ்சரைக்கு முன்னாடி ராத்திரிச் சாப்பாடு கிடையாது

சாயங்காலம் நாலரை மணி. வெயில் இன்னும் இறங்கலை. ஊர்ல பாதிப் பேர் டீக்கடை பக்கம் ஒதுங்குற நேரம். அப்போ ஒருத்தர் வந்து, "ராத்திரிச் சாப்பாடு வந்தாச்சு, எந்திரிச்சு உட்காருங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

ஜப்பான்ல ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்களுக்கு ரொம்ப காலத்துக்கு இதான் நடந்துச்சு. நாலரை, மிஞ்சிப்போனா அஞ்சு. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பத்தி அங்கே ஜனங்க சொல்லிச் சொல்லி அலுத்துப்போன புகார் மூணு. சீக்கிரமே வந்துடுது, ஆறிப்போய் வருது, வாய்க்கு விளங்கலை. (முதல் புகாரைக் கேட்டா நம்ம ஆளுங்க சிரிப்பாங்க. சாப்பாடு சீக்கிரம் வருதுன்னு ஒரு புகாரா?)

ஆமா, புகார்தான். நேரம் தவறுறதுன்னா லேட்டா வர்றது மட்டும் இல்லையே.

இதுல வில்லன்னு யாரும் கிடையாது. சமையல்கட்டு ஆளுங்க சாயங்காலம் வீட்டுக்குப் போகணும். போறதுக்கு முன்னாடி தட்டெல்லாம் திரும்பி வந்து, கழுவி, அடுக்கி வைக்கணும். அதுலேர்ந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வந்தா ராத்திரிச் சாப்பாடு நாலரைக்கு வந்து நிக்குது. நோயாளியோட பசியை யாரும் கணக்குல எடுத்துக்கலை. ஷிஃப்ட் எப்போ முடியுதுங்கிறதுதான் கணக்கு.

விளைவு என்ன? காலைச் சாப்பாடு ஏழரைக்குன்னு வெச்சுக்கோங்க. நாலரையிலேர்ந்து ஏழரை வரைக்கும் முழுசா 15 மணி நேரம் வயிறு காலி. ஏகாதசி விரதம் இருக்குறவங்களே நடுவுல பாலோ பழமோ எடுத்துக்குவாங்க. இங்கே ஆபரேஷன் முடிஞ்சு உடம்பு தேறவேண்டிய ஆள் சும்மா கிடக்கிறார்.

அமெரிக்காவுல முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு இதுக்குன்னே மத்திய அரசோட விதி ஒண்ணு இருக்கு. ராத்திரி உருப்படியா ஒரு சாப்பாடு கொடுத்ததுலேர்ந்து மறுநாள் காலைச் சாப்பாடு வரைக்கும் 14 மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடக் கூடாது. படுக்கப்போறப்ப சத்தான ஏதாவது கொடுத்தா, அதுவும் அங்கே தங்கியிருக்கிறவங்க ஒத்துக்கிட்டா, 16 மணி வரைக்கும் போகலாம். இப்படி மணிக்கணக்கா எழுதி வைக்கணும்னு ஒரு அரசாங்கத்துக்குத் தோணியிருக்குன்னா, அதுக்கு முன்னாடி எத்தனை பேர் பட்டினியா படுத்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

சரி, ஜப்பானுக்கு வருவோம்.

அவங்க அறிவுரை சொல்லிக்கிட்டு நிக்கலை. காசுல கை வெச்சாங்க. 1990களோட தொடக்கத்துல, சரியான நேரத்துல, சரியான சூட்டுல சாப்பாடு போடுற ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டுலேர்ந்து கூடுதல் தொகைன்னு கொண்டுவந்தாங்க. 2006-ல அந்தக் கூடுதல் தொகையை எடுத்துட்டு, அதையே அடிப்படை நிபந்தனையா ஆக்கிட்டாங்க. நேரம், சூடு, டயட்டீஷியன் மேற்பார்வைன்னு எல்லா நிபந்தனைக்கும் உட்பட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அப்போ 640 யென். உட்படாததுக்கு 506 யென். வித்தியாசம் 134 யென்தானேன்னு தோணும். 300 படுக்கையும் நிறைஞ்சிருக்கிற ஆஸ்பத்திரியில மூணு வேளைக்குக் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 1,20,600 யென். நிர்வாகிங்க எல்லாருக்கும் திடீர்னு கடிகாரம் பார்க்கத் தெரிஞ்சிருக்கும்!

அந்த விதியை எழுதின விதம்தான் ரசிக்க வைக்குது. ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் கொடுக்கணும். சரி, எங்கே பார்த்து ஆறு மணி? சமையல்கட்டுலேர்ந்து வண்டி கிளம்புற நேரமா? லிஃப்ட்ல ஏறுற நேரமா? அதெல்லாம் இல்லை. வார்டுல, நோயாளி முன்னாடி தட்டு வைக்கிற நேரம். கட்டடம் பெருசு, சமையல்கட்டு ஒரு மூலை, வார்டு ஒரு மூலைன்னா ஆறு மணியை ஒட்டி முன்னே பின்னே ஆகலாம். ஆனா முதல் நோயாளிக்கு முதல் தட்டு வைக்கிறதே 5.30-க்கு அப்புறமாத்தான் இருக்கணும்.

சூட்டுக்கும் இதே கறார்தான். சூடும் குளிர்ச்சியும் தாங்குற வண்டி, சூடு காக்குற தட்டு, சூடு காக்குற பாத்திரம், இல்லாட்டி நோயாளிங்க வந்து சாப்பிடுற சாப்பாட்டு அறை. இதுல ஏதாவது ஒண்ணு இருக்கணும். அப்போ ஆறிப்போனதை வார்டுல மைக்ரோவேவ்ல வெச்சுச் சுட வெச்சுக் கொடுத்தா? அது செல்லாதுன்னு விதியிலேயே போட்டிருக்கு. (இதை எழுதின அதிகாரி கண்டிப்பா ஒருதடவை ஆஸ்பத்திரியில படுத்திருந்தவரா இருக்கணும். மைக்ரோவேவ்ல சுட வெச்ச மீன் என்ன கதின்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் இப்படியொரு வரி எழுத வரும்.)

இதுபோக, ஒவ்வொரு வேளையும் டாக்டரோ டயட்டீஷியனோ சாப்பிட்டுப் பார்த்து நோட்டுல எழுதி வைக்கணும்.

நேரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கு. 1996-ல ஒசாகா பக்கத்துல சகாய் நகரத்துல பள்ளிக்கூடச் சாப்பாடு மூலமா ஓ157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைங்க படுத்துட்டாங்க. சில பிள்ளைங்க இறந்தும் போனாங்க. அதுக்கப்புறம் 1997-ல பெரிய சமையல்கூடங்களுக்கு ஒரு கையேடு வந்துச்சு. சமைச்சு முடிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிடக் கொடுத்துடுறது நல்லது, அதுவரைக்கும் சூடான ஐட்டம் 65 டிகிரிக்கு மேல, குளிர்ந்தது 10 டிகிரிக்குக் கீழன்னு சொல்லுது. ஆக, சமையல்காரருக்கு ரெண்டு பக்கமும் இடி. அவசரப்பட்டுச் சீக்கிரமே சமைச்சு வைக்க முடியாது. நோயாளி கேக்குற நேரத்தைத் தள்ளிப்போடவும் முடியாது.

இப்போ முக்கியமான கேள்வி. நேரம் உண்மையிலேயே எங்கே தொலையுது?

மதியச் சாப்பாட்டுத் தட்டு ஒண்ணு கிளம்புறப்ப அதோட பின்னாடியே நடந்து போனா தெரிஞ்சுடும். பெரிய ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துல ஒரு நீளமான மேஜை, வசதியான இடம்னா நகருற பெல்ட். தட்டு மேல ஒரு சீட்டு. பேரு, வார்டு, பெட் நம்பர், சர்க்கரையா, உப்பில்லாததா, கஞ்சியான்னு அதுல இருக்கும். ஒருத்தர் சாதம், ஒருத்தர் காய், ஒருத்தர் தயிர்னு வெச்சுக்கிட்டே வருவாங்க. கடைசியில ஒருத்தர் சீட்டையும் தட்டையும் ஒத்துப் பார்த்து வண்டியில ஏத்துவார். இதுவரைக்கும் கோளாறு பெருசா இல்லை. ஒரு தட்டுக்குச் சில விநாடிதான்.

அப்புறம்தான் கதை ஆரம்பிக்குது. வண்டி நிறையணும். முப்பது தட்டு பிடிக்கிற வண்டியில முதல் தட்டு ஏறிட்டு, முப்பதாவது தட்டு வர்ற வரைக்கும் சும்மா நிக்கும். வண்டி நிறைஞ்சாச்சு, லிஃப்டுக்குப் போகணும். லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சருக்கு முன்னுரிமை. நியாயம்தான், ஸ்கேனுக்குப் போற ஆளை நிறுத்தி வெச்சுட்டு ரசத்தை ஏத்த முடியாது. ஆனா மதியம் பன்னெண்டரைக்கு அதே லிஃப்ட்ல அழுக்குத் துணி மூட்டையும், பார்க்க வந்த சொந்தக்காரங்களும், மருந்துப் பெட்டியும், டிஸ்சார்ஜ் ஆகுறவரோட மூணு பையும் ஏறணும்னு என்ன கட்டாயம்? துணியை மூணு மணிக்கு ஏத்தக் கூடாதா? லிஃப்ட் நேரத்தைப் பங்கு போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். காசும் செலவில்லை.

சரி, எப்படியோ வார்டுக்கு வந்தாச்சு. வந்து நின்ன வண்டியை யாரு திறக்கணும்? சிஸ்டர் ஒரு பெட்ல ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னொரு சிஸ்டர் டாக்டரோட ரவுண்ட்ஸ்ல. ஆயா ஒருத்தரைப் பாத்ரூம் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வண்டி நடைபாதையில ஓரமா நிக்குது. சமையல்கட்டு ரெஜிஸ்டர்ல "12.20, அனுப்பியாச்சு"ன்னு எழுதியாச்சு. அவங்க வேலை முடிஞ்சுது. வார்டுல இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இதுதான் அந்த இருட்டுப் பகுதி. இந்த நேரம் யாரு நோட்டுலயும் ஏறாது.

ஒருவழியா தட்டை எடுத்துட்டு பெட்டுக்கு வந்தா, மேஜை மேல மருந்து டப்பா, ஃபிளாஸ்க், பேப்பர், கண்ணாடிக் கூடு, எக்ஸ்ரே கவர். தட்டு வைக்க இடமில்லை. நோயாளி மல்லாக்கப் படுத்திருக்கார், தூக்கி உட்கார வைக்கணும். கை கழுவணும். பல்செட் எங்கேன்னு தேடணும். (பல்செட் தேடுறதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை. ஆனா முதியவங்க வார்டுல அது ஒரு தனி இலாகா.) சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஒருத்தர் வார்டைச் சுத்தி வந்து மேஜையைக் காலி பண்ணி, ஆளை உட்கார வெச்சுட்டா தட்டு வந்த கையோட சாப்பிட ஆரம்பிச்சுடலாம். இதைவிட மலிவான சீர்திருத்தம் கிடைக்காது. பிரிட்டன்ல சில வார்டுகள்ல இதுக்குன்னே மணி அடிக்கிறாங்க. பள்ளிக்கூடத்துல அடிக்கிற மாதிரியே.

ரவுண்ட்ஸ் விஷயமும் லேசுப்பட்டது இல்லை. மதியச் சாப்பாட்டு லிஸ்ட் காலையில பத்து மணிவாக்குல சமையல்கட்டுக்குப் போயிடும். பதினொன்றரைக்கு டாக்டர் வந்து, "இவருக்கு இன்னையிலேர்ந்து கஞ்சி நிறுத்திட்டு குழைஞ்ச சாதம் கொடுங்க"ன்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டுப் போவார். அந்தத் தட்டு அன்னைக்கு லேட்டாகுறது விதி. நோயாளியை வேற வார்டுக்கு மாத்தியிருந்தா இன்னும் கூத்து. சாப்பாடு பழைய பெட்டுக்குப் போகும். அங்கே புதுசா வந்து படுத்திருக்கிறவர் அதைச் சாப்பிட்டும் வெச்சுடுவார்!

இதெல்லாம் இன்னைக்கு நேத்து முளைச்ச தலைவலி இல்லை. 1855-ல இஸ்தான்புல் பக்கத்துல ஸ்குட்டாரி. கிரிமியப் போர்ல அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஒரு ராட்சச பாரக்ஸ் கட்டடத்துல படுத்திருக்காங்க. லண்டன்ல பெரிய மனுஷங்க கிளப்பான ரிஃபார்ம் கிளப்புல பேர் வாங்கின சமையல்காரர் அலெக்சிஸ் சோயர் தானா முன்வந்து அங்கே போய் இறங்குறார்.

அவர் பார்த்த காட்சி இது. ஒவ்வொரு வார்டு ஆர்டர்லியும் தன் வார்டுக்கான பச்சை இறைச்சியை வாங்கிட்டு வந்து இறுக்கிக் கட்டி, பெரிய தாமிர அண்டாவுல போட்டுடுறார். எது யாரோடதுன்னு தெரியணுமே? அதனால அடையாளத்துக்கு ஒருத்தர் சிவப்புத் துணி, ஒருத்தர் பட்டன், ஒருத்தர் ஆணி, இன்னொருத்தர் பழைய கத்தரிக்கோல்னு கட்டி விட்டிருக்காங்க. எல்லாம் சேர்ந்து ஒரே தண்ணியில கொதிக்குது. இறுக்கிக் கட்டினதுல உள்ளே வேகவே இல்லை. முதல்ல போட்டது கரைஞ்சு போச்சு, கடைசியில போட்டது பச்சை. வெந்த தண்ணியைக் கீழே கொட்டிட்டாங்க. (சாறே அதுலதானே இருக்கு! சோயருக்கு உயிரே போயிருக்கும்.) அப்புறம் ஆளுக்கு ஆள் கூறு போட்டு, நீள நீளமான தாழ்வாரத்துல தூக்கிட்டுப் போய்ச் சேர்க்கிறதுக்குள்ள எல்லாம் ஆறிப் போயிருக்கும்.

சோயர் சமையலை மட்டும் மாத்தலை. இறைச்சிக் கட்டைத் தளர்த்தி உள்ளே வெந்நீர் போக வெச்சார். கொட்டின தண்ணியை சூப்பாக்கினார். சமைக்கத் தெரிஞ்ச சிப்பாய்ங்களைப் பழக்கி அண்டா முன்னாடி நிறுத்தினார்.

அவருக்கு முன்னாடியே, 1854 நவம்பர்ல அங்கே வந்து சேர்ந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் இன்னொரு வேலை பண்ணியிருந்தாங்க. ரொம்ப முடியாதவங்களுக்குன்னு தனியா சின்னச் சின்ன சமையலறைகள். பெரிய சமையல்கட்டோட வரிசைக்குக் காத்திருக்காம, வேண்டிய நேரத்துல கஞ்சியோ சாறோ அங்கேயிருந்து போகும். விளக்கு ஏந்தின படத்தை எல்லாரும் பார்த்திருக்கோம். கரண்டி ஏந்தின படத்தை யாரும் வரையலை.

பின்னாடி அவங்க எழுதின 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்துல சாப்பாட்டுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு. தட்டு நேரத்துக்கு வரணும், சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் நேரத்துக்கு எடுத்துடணும்னு அதுல சொல்றாங்க. "அப்புறமா சாப்பிடுவார்"னு தட்டைத் தலைமாட்டுல விட்டுட்டுப் போறது அவங்களுக்கு ஆகவே ஆகாது. பார்த்துக்கிட்டே இருந்தா இருக்கிற கொஞ்ச பசியும் போயிடும்னு அவங்க வாதம். 160 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் எந்த வார்டுக்குள்ள போனாலும் தலைமாட்டுல மூடி வெச்ச தட்டு ஒண்ணாவது இருக்கும்.

இதுவரைக்கும் சொன்னதுல பெரும்பாலும் பசி, ருசி, கோபம்தான். ஆனா ஒரு இடத்துல மட்டும் லேட்டுங்கிறது உயிர் விஷயம். இன்சுலின்.

வேகமா வேலை செய்யுற இன்சுலினைச் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட 15 நிமிஷத்துக்குள்ள போடணும். பழைய வகை ரெகுலர் இன்சுலின்னா அரை மணி முன்னாடி. வழக்கமா என்ன நடக்கும்? பன்னெண்டரைக்குச் சாப்பாடுன்னு போர்டுல போட்டிருக்கு. சிஸ்டர் பன்னெண்டு மணிக்கு விரல்ல குத்திச் சர்க்கரை பார்த்து ஊசியும் போட்டுடுறாங்க. அவங்க மேல தப்பே இல்லை, போர்டை நம்பியிருக்காங்க. அன்னைக்குன்னு வண்டி லிஃப்டுக்கு வெளியில நிக்குது. ஒண்ணு பத்துக்குத் தட்டு வருது. ஊசி அதுக்குள்ள தன் வேலையை ஆரம்பிச்சிருக்கும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். சர்க்கரை 70-க்குக் கீழே. அப்புறம் குளுக்கோஸ், ஓட்டம், பதற்றம்.

இதுக்குத் தீர்வு நேரப்பட்டியலைத் திருத்துறது இல்லை. வேகமா வேலை செய்யுற இன்சுலின்னா, போர்டுல இருக்கிற நேரத்தைப் பார்க்காம, தட்டு வார்டுக்கு வந்ததைக் கண்ணால பார்த்துட்டு ஊசி போடுறது. சாப்பாட்டு வண்டி வந்ததும் வார்டுக்குத் தகவல் போகணும். அப்போ விரல் குத்து, அடுத்து ஊசி, அடுத்து தட்டு. சமையல்கூடமும் சர்க்கரைக்காரங்க அதிகமா இருக்கிற வார்டுக்கு வண்டியை முதல்ல அனுப்பணும். நிறைய இடத்துல கீழ்த்தளத்துலேர்ந்து மேல போற வரிசைதான் வழக்கம். ஏன்னு கேட்டா, எப்பவும் அப்படித்தான். எட்டாவது மாடிக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?

இங்கிலாந்து, வேல்ஸ் ஆஸ்பத்திரிகள்ல சர்க்கரை நோயாளிகளைப் பத்தி தேசிய அளவுல எடுத்த கணக்கெடுப்புல, "சாப்பாடு உங்களுக்குத் தோதான நேரத்துக்கு வருதா?"ன்னு நோயாளிகிட்டயே ஒரு கேள்வி வெச்சிருந்தாங்க. கேள்வி சின்னதுதான். ஆனா அதை மருத்துவக் கணக்கெடுப்புல சேர்த்ததே பெரிய விஷயம்.

அதே பிரிட்டன்ல 2004 வாக்குல இன்னொரு திட்டம் பரவுச்சு. சாப்பாட்டு நேரத்துல வார்டுல ரவுண்ட்ஸ் கிடையாது, அவசரமில்லாத டெஸ்ட் கிடையாது, தரை துடைக்கிறது கிடையாது. எல்லாரும் கையில இருக்கிறதை வெச்சுட்டு நோயாளி சாப்பிட உதவணும். கூடவே தானா சாப்பிட முடியாதவங்களுக்குச் சிவப்புத் தட்டு. தூரத்துலேர்ந்து பார்த்தாலே இவருக்கு ஊட்டிவிடணும்னு தெரிஞ்சுடும். கேக்கவே நல்லா இருக்குல்ல?

நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் இருக்கிற மறுவாழ்வு, முதியோர் வார்டுகள்ல இந்த ஏற்பாட்டை முறையா சோதிச்சுப் பார்த்து 2017-ல முடிவை வெளியிட்டாங்க. நோயாளிங்க சாப்பிட்ட சக்தியோ புரதமோ குறிப்பிடும்படியா கூடவே இல்லை. ஊரெல்லாம் கொண்டாடின திட்டத்துக்கு இப்படியொரு ரிசல்ட். வார்டுக் கதவுல "சாப்பாட்டு நேரம், தொந்தரவு செய்யாதீர்"னு போர்டு மாட்டுறது சுலபம். தொந்தரவு பண்ணாம இருந்தா மட்டும் ஒருத்தருக்குப் பசி வந்துடாது. பன்னெண்டரைக்குப் பசிக்காதவருக்கு எவ்வளவு அமைதியா கொடுத்தாலும் இறங்காது.

இந்த இடத்துலதான் பிரிஸ்பேன் ஆளுங்க வேற மாதிரி யோசிச்சாங்க. நாம நேரம் குறிச்சு, நாம கொண்டுபோய்க் கொடுத்து, நாமே லேட்டும் ஆகுறோம். நேரத்தை நோயாளிகிட்டயே விட்டா என்ன? மேட்டர் ஆஸ்பத்திரிக் குழுமம் 2013-ல தன்னோட தனியார் ஆஸ்பத்திரியில ஹோட்டல் ரூம் சர்வீஸ் முறையைக் கொண்டுவந்துச்சு. ஆஸ்திரேலியாவுல இதுதான் முதல் தடவை. கையில மெனு கார்டு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எப்போ பசிக்குதோ அப்போ போன் பண்ணிச் சொல்லலாம். முக்கால் மணி நேரத்துக்குள்ள தட்டு வரும். அப்புறம் அதே குழுமத்தோட பொது ஆஸ்பத்திரியிலயும் வெச்சுப் பார்த்தாங்க. 2018-ல வந்த ஆய்வுல, நோயாளிங்க முன்னைவிட அதிகம் சாப்பிட்டாங்க, தட்டுல மிச்சம் வெச்சு வீணாப்போனது குறைஞ்சது.

இதுல யாரும் எதிர்பார்க்காதது, உணவுச் செலவும் குறைஞ்சதுதான். ரூம் சர்வீஸ்னதும் ஆடம்பரம்னு நினைப்போம். யோசிச்சா தெளிவா இருக்கு. பழைய முறையில டிஸ்சார்ஜ் ஆனவருக்கும், தூங்குறவருக்கும், ஸ்கேனுக்குப் போனவருக்கும் சேர்த்தே தட்டு போகும். கேட்டவருக்கு மட்டும் சமைச்சா அதெல்லாம் மிச்சம்.

ஸ்கேனுக்குப் போனவர் கதையும் இந்த முறையில தானா தீருது. காலையில வெறும் வயித்துல இருக்கணும்னு சொல்லி, பதினொரு மணி ஸ்கேன் ரெண்டு மணிக்கு முடிஞ்சு, வார்டுக்கு வந்தா சாப்பாட்டு வண்டி திரும்பிப் போயிருக்கும். பிஸ்கெட்டும் டீயும்தான் கதி. (மயக்க மருந்துக்கு முன்னாடி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தண்ணி மாதிரி தெளிவான பானத்துக்கு 2 மணி நேரம் போதும்னு அமெரிக்க மயக்கவியல் நிபுணர்கள் 1999-லயே எழுதியாச்சு. இருந்தாலும் "நடுராத்திரியிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட கூடாது"ங்கிற வாக்கியம் சாகா வரம் வாங்கிட்டு வந்திருக்கு.)

ரோபோ? இருக்கு. சான்ஃபிரான்சிஸ்கோவுல மிஷன் பே ஆஸ்பத்திரி 2015 பிப்ரவரியில திறந்தப்பவே சாப்பாடு, துணி, மருந்து சுமக்க 25 'டக்' ரோபோக்கள் வேலைக்குச் சேர்ந்தாச்சு. லிஃப்டைத் தானே கூப்பிட்டு ஏறி இறங்கும். பார்க்க ஜோரா இருக்கும். ஆனா வார்டு வாசல் வரைக்கும்தான் அதோட வேலை. வண்டியிலேர்ந்து தட்டை எடுத்து, மேஜையைக் காலி பண்ணி, பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க மனுஷன்தான் வரணும். தாமதம் அதிகமா ஆகுற அந்தக் கடைசி முப்பது அடியை ரோபோ தொடுறதே இல்லை.

நம்ம ஊருக்கு வந்தா கணக்கே வேற. இங்கே ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நேரத்துக்குக் கொண்டுவர்றது பெரும்பாலும் ஆஸ்பத்திரி இல்லை. வீடு. தம்பி பொண்டாட்டி காலையில அஞ்சு மணிக்கு எழுந்து இட்லி ஊத்தி, பஸ் பிடிச்சு, ஒரு கையில டிபன் கேரியர், ஒரு கையில ஃபிளாஸ்க்கோட வந்து நிப்பாங்க. அவங்க நேரத்துக்கு வந்துடுவாங்க. கேட்டுல செக்யூரிட்டி, "பாஸ் இருக்காம்மா? ஒரு பாஸுக்கு ஒருத்தர்தான். மேல இருக்கிறவங்க இறங்கி வரட்டும்"பார். மேல இருக்கிறவரோட போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடக்கும். இட்லி கேட்டுக்கு வெளியில நிக்கும், இன்சுலின் உள்ளே ஏறியிருக்கும். ஜப்பான்காரன் வார்டுக்குள்ள மாட்டின கடிகாரத்தை நாம கேட்டு வாசல்ல மாட்டணும் போலிருக்கு. பாஸைச் சாப்பாட்டு நேரத்துல மட்டும் அரை மணி தளர்த்தினா என்ன குடியா முழுகிடும்? இல்லாட்டி கேரியர் மேல பெட் நம்பர் எழுதி வாங்கி வெச்சு, ஒரு ஆள் மொத்தமா மேல கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதுக்கு ஒரு மேஜையும் ஒரு ட்ராலியும் போதும்.

பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள்ல வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லைன்னு சொல்றாங்க. சரி, நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடு முக்கியம், ஒத்துக்கலாம். ஆனா அப்படித் தடுத்தா நேரத்துக்குக் கொடுக்கிற பொறுப்பு முழுசா அவங்க தலையில வந்துடுதே. அங்கே போய்ப் பார்த்தா சமையல் ஒரு கான்ட்ராக்ட், ட்ராலி தள்ளுறது ஹவுஸ்கீப்பிங்ல இன்னொரு கான்ட்ராக்ட், தட்டை நோயாளி கையில கொடுக்கிறது நர்சிங், என்ன கொடுக்கணும்னு எழுதுறது டயட்டீஷியன். நாலு பேருக்கும் நாலு மேலதிகாரி. சாம்பார் ஆறிப்போய் வந்தா திட்டு விழுறது என்னவோ சமையல்காரருக்குத்தான். அவர் அனுப்புறப்ப ஆவி பறந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு கருத்துப் படிவம் நீட்டுவாங்க. சாப்பாட்டோட ருசி எப்படி, அளவு எப்படி, சுத்தம் எப்படி, பரிமாறினவங்க சிரிச்ச முகமா இருந்தாங்களா. அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம்? தட்டு எத்தனை மணிக்குக் கைக்கு வந்துச்சுங்கிற கேள்வியை மட்டும் அந்தப் படிவத்துல பார்க்கிறது அபூர்வம். அப்படியே இருந்தாலும், பில்லைக் கையில வெச்சுக்கிட்டு இன்சூரன்ஸ் அப்ரூவல் வருமா வராதான்னு உட்கார்ந்திருக்கிற மனுஷன் எல்லாத்துக்கும் நாலு நட்சத்திரம் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பார்.